தேசிக்காய் நசிந்தது, ரயரை யார் பார்த்தது?

2025 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, சிநேகிதி வீட்டில் வாங்கின காருக்குக் கோயிலடியில் பூசை. புதுக் கார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவர்களுக்குத்தான் புதுசு, கார் 2014ஆம் ஆண்டு அக்சியோ. வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். திறந்த பிறகும் வரியோடு சேர்த்து வருகிற விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆகவே இன்றைக்கு எங்கட ஊரில் 'புதுக் கார்' என்றால் பெரும்பாலும் பத்து வயசுக் கார்தான். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, ஐயர் கற்பூரம் காட்டி, தேங்காயும் அடித்தாயிற்று. நாலு ரயருக்கும் கீழே நாலு தேசிக்காய் வைக்க வேண்டும். பின்பக்கத்து இடது ரயருக்கு வைக்கச் சொல்லி ஒன்றை என் கையில் தந்தார்கள். குனிந்து வைத்தபோதுதான் ரயரின் பக்கவாட்டில் சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் கண்ணில் பட்டது: 4814.

எல்லா ரயரிலும் இப்படி நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருசம். 4814 என்றால் 2014ஆம் ஆண்டின் 48ஆவது கிழமையில் செய்த ரயர். நான் தேசிக்காய் வைத்த அன்று அதுக்குப் பத்து வருசமும் எட்டு மாசமும் வயசு. ரயர்க் கொம்பனிகளே பத்து வருசத்துக்கு மேல் பாவிக்க வேண்டாம் என்கின்றன. சில கார்க் கொம்பனிகள் ஆறு வருசத்தோடு மாற்றச் சொல்கின்றன. அதுவும் குளிர் நாட்டுக் கணக்கு. கிளிநொச்சி வெயிலில் கொதிக்கிற தார் றோட்டுக்குச் சொன்ன கணக்கு இல்லை.

"அங்கிள், பின்ரயர் ரெண்டும் பத்து வருசம் தாண்டிட்டுது" என்றேன்.

"வெட்டு எவ்வளவு ஆழமா இருக்கு எண்டு பார் பிள்ளை. முன்ரயர் ரெண்டும் புதுசு. வித்தவர் சொன்னவர், பின்னாலை உள்ளது இன்னும் ரெண்டு வருசம் ஓடுமாம்."

பக்கத்தில் நின்ற சிநேகிதியின் அண்ணன், "உனக்கேன் தங்கச்சி உந்த ரயர்க் கதை? நீ வந்து செல்பி எடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு செல்பி எடுத்தேன். அதை எழுத இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்று கிழமை கழித்து லண்டனிலிருந்து வந்த சித்தியை கட்டுநாயக்காவில் ஏற்றிக்கொண்டு அதே கார் A9 வழியாக வந்தது. அஞ்சு பேர், சூட்கேஸ்கள், மத்தியான வெயில், நூறுக்கு மேல் வேகம். புளியங்குளம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் பின்பக்கத்து இடது ரயர் வெடித்தது. அண்ணன் பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்க, காரின் பின்பக்கம் சுழன்று, முழுசாகத் திரும்பி, றோட்டுக்கரைப் பள்ளத்தில் போய் நின்றது. எதிரே அந்த நேரம் பஸ் ஒன்றும் வரவில்லை. பின்சீற்றில் நடுவில் பெல்ட் போடாமல் இருந்த சிநேகிதியின் அம்மாவுக்குக் காறை எலும்பு முறிந்தது. மற்றவர்களுக்குக் காயம்தான்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது மூன்று விளக்கம் கேட்டேன். ஒன்று கண்ணூறு. இரண்டாவது, போகும்போது முறிகண்டியில் நிப்பாட்டாமல் போனது. மூன்றாவது, விதி. 4814 என்று ஒருவரும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை அந்த மூன்று விளக்கத்துக்கும் எதிரானது. சாமிக்கு எதிரானது இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். எங்கட றோட்டில் நடக்கிறதில் பெரும்பங்கு முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிகிற காரியம். ரயரில் அச்சடித்துக் கிடக்கிறது, டாஷ்போர்ட்டில் சிவப்பாக எரிகிறது, சாரதியின் கண்ணில் தெரிகிறது. பார்க்கிறதுக்கு எங்களுக்கு மனமில்லை. பார்த்தால் காசு செலவழிக்க வேண்டும், அல்லது மெதுவாகப் போக வேண்டும், அல்லது ஒருவரை நித்திரை கொள்ள விட வேண்டும். அந்த மூன்றும் எங்களுக்குக் கௌரவக் குறைச்சல். இந்த நாட்டில் வருசத்துக்கு 2,000 பேருக்கு மேல் றோட்டில் சாகிறார்கள். எல்லாரையும் விதி கூட்டிக்கொண்டு போகிறது என்றால் விதிக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டும்.

"காசு இல்லை" என்கிற பதிலை முதலில் எடுப்போம். அந்தக் காரில் வாங்கின கிழமையே பெரிய அன்ட்ரொயிட் ஸ்கிரீன், புது சீற் கவர், கண்ணாடிக்குக் கறுப்பு ரின்ற் எல்லாம் ஏறியிருந்தன. அந்தக் காசுக்கு இரண்டு பின்ரயர் வாங்கியிருக்கலாம். இது ஒரு வீட்டுக் கதை இல்லை. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கொட்டுகிறோம், குனிந்தால் மட்டும் தெரிகிற இடத்தில் பிச்சை எடுக்கிறோம். இதுக்கு எங்கட ஊரில் 'பம்மாத்து' என்று நல்ல சொல் இருக்கிறது. உண்மையாகவே காசில்லாமல் றீபில்ட் ரயரில் ஓட்டோ ஓடி வீட்டில் அரிசி போடுகிற அண்ணைமார் இருக்கிறார்கள். அவர்களை நோக்கி நான் இதை எழுதவில்லை. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது வேறு ஆட்கள்.

அந்த வேறு ஆட்களில் முதல் ஆள் அரசாங்கம். 2008இலிருந்து வருசத்துக்கு ஒருதரம் புகைச் சோதனை. அந்தச் சான்றிதழும் இன்சூரன்சும் இருந்தால் காருக்கு வரி லைசன்ஸ் கிடைக்கும். பஸ்சுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். சொந்தக் காருக்கு? குழாய்க்குள் கம்பியை விட்டுப் புகையை அளக்கிற பெடியனுக்கு அரை அடி தள்ளித்தான் பின்ரயர் இருக்கிறது. அதைத் திரும்பிப் பார்க்கிறது அவன்ர வேலை இல்லை. பிரேக்கைப் பார்க்கிறது யாருடைய வேலையும் இல்லை. புகை சுத்தமாக, பிரேக் இல்லாமல், சட்டப்படி ஓடலாம்.

லேனர்சும் அப்படித்தான். வளைத்து ரிவேர்ஸ் எடுக்கவும் சிக்னல் போடவும் படிப்பிக்கிறார்கள். பொனற்றைத் திறந்து காட்டின இடம் எத்தனை? எனக்குத் திறந்து காட்டியது பெரிய மாமா.

பெரிய மாமா தொண்ணூறுகளில் A40 ஹயர் ஓடினவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது. சனம் பழைய A40, மொரிஸ், கேம்பிரிட்ஜ் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஓட்டினது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதால் கொஞ்சமாகப் பெற்றோலைச் சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்து, சில சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிவிடும் என்று மாமாவுக்குத் தெரியும். ஒயில் கம்பியை இழுத்து விரலில் தேய்த்து, மணந்து பார்த்து மாற்றுவார். எந்தச் சத்தம் வால்வு, எந்தச் சத்தம் பெயரிங் என்று காதால் சொல்லுவார். அந்தக் காலத்தைப் போற்ற எனக்கு விருப்பமில்லை. பட்டினி கிடந்த காலம், அந்தக் கார்களில் சீற் பெல்ட்டும் கிடையாது. ஆனால் ஒன்று மட்டும் உண்மை: கார் வைத்திருந்தவருக்குத் தன்ர காருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தது.

இன்றைக்கு என்ன தெரியும்? புளூடூத்தை எப்படி இணைக்கிறது என்று தெரியும். டாஷ்போர்ட்டில் லைட் எரிந்தால், "அது சென்சர் பிழை மச்சான், விடு." கராஜில் சொல்லி பல்ப்பையே கழட்டிவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

தண்ணியைப் பாருங்கோ. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல்லுக்கு மேல் இருக்கிற ஊர். எங்கட கேத்திலுக்குள் ஒரு வருசத்தில் வெள்ளையாகக் கல் பிடிக்கிறதைப் பார்க்காதவர் இல்லை. அதே கிணற்றுத் தண்ணியை வாளியில் அள்ளி ரேடியேற்றருக்குள் ஊற்றுகிறோம். கேத்திலில் பிடிக்கிற கல், மயிர் போன்ற அந்தக் குழாய்களுக்குள் பிடிக்காதா? பிடிக்கும். பிடித்து, சூடேறி, ஒருநாள் ஹெட் காஸ்கட் போகும். போனதும் "யப்பான் சாமானும் இப்ப சரியில்லை" என்று குற்றம் யப்பானுக்கு. கூலன்ற் ஒரு கானின் விலையையும் எஞ்சின் இறக்கிற கூலியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. அவசரத்துக்கு வேறு வழியில்லாமல் கிணற்றுத் தண்ணி ஊற்றினால் குற்றமில்லை. வீட்டுக்கு வந்து வடித்துக் கழுவிவிட்டுக் கூலன்ற் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

பிரேக் ஒயிலும் அப்படி ஒரு மறந்துபோன சாமான். எஞ்சின் ஒயிலை மாற்றுகிறவர்கள்கூட இதை 'குறைஞ்சால் விடுவம்' என்று வைத்திருக்கிறார்கள். அது காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை புதுசாக இருக்கும்போது 205 பாகையில்தான் கொதிக்கும். ஈரம் ஏறினது 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி வரும், ஆவி அமுங்கும், பெடல் தரை மட்டும் போகும். வன்னியின் நேர் றோட்டில் இது ஒருவேளை வெளியில் தெரியாது. அதே காரில் நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய் றம்பொடை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவீர்கள் இல்லையா, அங்கே தெரியும். இரண்டு வருசத்துக்கு ஒருதரம் மாற்றினால் போதும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வரி: பின்சீற்றுப் பக்கத்தில் இருக்கிற சல்லடை பற்றறிக்குக் காற்றுப் போகிற வழி, அதுக்கு மேல் பயணப் பையை வைக்காதீர்கள், அதிலே தூசு அடைந்தால் பிறகு பற்றறிக்கு லட்சக்கணக்கில் அழ வேண்டி வரும்.

இனி வேகம். இதில்தான் எங்கட ஆம்பிளையளின் மானம் கிடக்கிறது. "கொழும்பிலயிருந்து அஞ்சு மணித்தியாலத்தில வந்திட்டன்" என்பது கலியாண வீட்டில் சொல்லப்படுகிற வீரகாவியம். கேட்டு வாய் பிளக்கிறவர்களும் நாங்கள்தான். நகருக்கு வெளியே காருக்குச் சட்டப்படி 70. அதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. சரி, சட்டத்தை விடுங்கோ, கணக்கை மட்டும் பார்ப்போம்.

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். 70இல் வந்தால் இரண்டு மணித்தியாலம். 110இல் வந்தால் ஒண்டேகால். காகிதத்தில் முக்கால் மணித்தியாலம் மிச்சம். கிளிநொச்சி, பரந்தன், கொடிகாமம், சாவகச்சேரி, இடையில் பொலிஸ், மாடு எல்லாவற்றையும் கழித்தால் கையில் மிஞ்சுவது அதில் பாதி இருந்தாலே பெரிய விசயம். அந்த இருபது நிமிசத்துக்குக் கொடுக்கிற விலை என்ன? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 70இலிருந்து 110 என்றால் அது கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அந்த இரண்டரை மடங்கைத் தள்ளுவது உங்கள் பெற்றோல். "கார் பெற்றோல் குடிக்குது" என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் பிளக் மாற்றுகிறார்கள். குடிக்கிறது கார் இல்லை, உங்கட வலது கால்.

பெற்றோலாவது காசோடு போகும். மாடு அப்படி இல்லை. ஓமந்தையில் இருட்டில் 47 மீற்றர் முன்னால் றோட்டில் ஒரு மாடு படுத்திருக்கிறது என்று வையுங்கோ. காய்ந்த றோட்டு, நல்ல ரயர், கண்டதும் ஒரு செக்கனில் பிரேக்கில் கால். 70இல் வந்தவர் மாட்டின் மூக்குக்கு முன்னால் நிற்பார். 110இல் வந்தவரோ அந்த ஒரு செக்கனிலேயே 30 மீற்றர் ஓடியிருப்பார். மிச்சத் தூரத்தில் எவ்வளவு மிதித்தாலும் மாட்டை அடிக்கும்போது அவரின் வேகம் ஏறக்குறைய 95. "மிதிச்சனான், நிக்கேல்ல" என்று பிறகு சொல்லுவார். பொய் இல்லை, உண்மையாக மிதித்திருப்பார். நிற்க இடம் இல்லை, அவ்வளவுதான். ரயர் தேய்ந்திருந்தால், மழை பெய்திருந்தால் இந்தக் கணக்கு இன்னும் மோசம்.

வேகத்தோடு சேர்த்து ரயர் வெடிக்கிற விசயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெடித்த பிறகு செய்கிற பிழைதான் ஆளைக் கொல்லுகிறது. காத்துக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடிப்பில் சூடு பிறக்கும். அஞ்சு பேரும் சூட்கேசும் ஏறினால் மடிப்புக் கூடும், வேகம் கூடினால் தடவை கூடும். பத்து வருசம் காய்ந்த றப்பர் அதைத் தாங்காது. வெட்டு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் தாங்காது. அங்கிள் பார்த்தது வெட்டை, வெடித்தது றப்பர். வெடித்தால் பிரேக்கில் கால் வைக்கக்கூடாது. ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கி நேரே பிடித்து, அக்சிலேற்றரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, கார் தானாகக் குறைந்த பிறகு கரைக்கு ஒதுங்க வேண்டும். இதை அந்த அண்ணனுக்கு லைசன்ஸ் கொடுத்த எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரில் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

காத்து எவ்வளவு அடிக்க வேண்டும் என்று பெற்றோல் செட்டில் நிற்கிற பெடியனிடம் கேட்கத் தேவையில்லை. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும், முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று. ரயர் ஆறியிருக்கும்போது, காலமை, ஓட முன்னம் பார்க்க வேண்டும். அம்மா ஸ்கூட்டியில் 40இல் போறா என்று வீட்டில் எல்லோரும் பகிடி பண்ணுவோம். ஆனால் எங்கட வீட்டில் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் தவறாமல் காத்துப் பார்க்கிற ஒரே ஆள் அம்மாதான். 'பொம்பிளையளுக்கு வாகனம் சரிவராது' என்கிறவர்கள் தங்கட ரயரில் எத்தனை இறாத்தல் காத்து என்று இப்போது சொல்லட்டும் பார்ப்போம்.

2022ஐ மறந்துவிட்டோமா? ஆனி மாசம் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. ஆடியில் கியூஆர் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்த வருசம் இந்த ஊரே பூப்போல ஓடினது. சேர்ந்து போனார்கள், சிக்னலில் எஞ்சினை நிப்பாட்டினார்கள், 60இல் போனார்கள். ஒருவருக்கும் மானம் போகவில்லை. 2023 செப்ரெம்பரில் கியூஆரை எடுத்தார்கள். பழைய காலும் திரும்பி வந்தது. அந்தக் காலத்தில் பரவின சில மூடநம்பிக்கைகள் மட்டும் நிலைத்துவிட்டன. இறக்கத்தில் நியூற்றலில் விட்டால் மிச்சம் என்பது அதில் ஒன்று. இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின் கியரில் இருந்தபடி காலை எடுத்தாலே எரிபொருளை நிறுத்திவிடும். நியூற்றலில் விட்டால்தான் எஞ்சினை உயிரோடு வைக்கப் பெற்றோல் எரிக்கும், எஞ்சின் பிடிமானமும் போய் முழுச் சுமையும் பிரேக்குக்கு வரும். 92க்குச் செய்த எஞ்சினுக்கு 95 அடித்தால் கார் பறக்கும் என்பது இன்னொன்று. பறக்கிறது காசு மட்டும்தான்.

இவ்வளவும் வாசித்துவிட்டு, "என்னட்டக் கார் இல்லை, நான் பைக்தானே" என்று சில பேர் நினைப்பீர்கள். எயார்போட் போன ஹயஸ் வானில் நீங்கள் இருந்ததில்லையா?

அந்த வானைப் பற்றிக் கதைக்காமல் இந்தக் கட்டுரையை முடிக்க மாட்டேன். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வருகிறார், விமானம் விடிய நாலு மணிக்கு. முதல் நாள் பின்னேரம் வான் வெளிக்கிடும். சாரதி அண்ணை அதுக்கு முதல் நாளும் வேறு ஹயர் ஓடியிருப்பார், இல்லையென்று சொன்னால் இந்த ஹயர் போய்விடும் என்பதால் வாய் திறக்கமாட்டார். இரவு முழுக்க ஓட்டம். எயார்போட்டில் எல்லோரும் உள்ளே போய்விடுவார்கள். அண்ணை ஏசி இல்லாமல், நுளம்புக் கடியில், ஸ்ரியரிங்கில் தலையை வைத்து ஒரு மணித்தியாலம் கண்ணை மூடுவார். சூட்கேஸ் ஏற்றினதும் திரும்ப ஓட்டம். "வெயிலுக்கு முன்னம் போயிருவம் என்ன அண்ணை?" வழியில் கட்டிப்பிடித்து அழுகை, சொக்லேட், வீடியோ கோல். வானில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக நித்திரையாகிவிடுவார்கள். முழித்திருக்க வேண்டிய ஒரே ஆளுக்குத்தான் இரண்டு நாள் நித்திரை பாக்கி.

80இல் போகும்போது மூன்று செக்கன் கண் சொருகினால் வான் 67 மீற்றர் தானாக ஓடும். நெஸ்கபே, சத்தமாகப் பாட்டு, கண்ணாடியைத் திறந்துவிடுதல் எல்லாம் நித்திரையை ஒத்திப் போடும், அழிக்காது. நித்திரைக்கு மருந்து நித்திரை மட்டும்தான்.

ரிக்கற்றுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிற குடும்பத்துக்கு, நீர்கொழும்பில் சாரதிக்கு ஓர் அறை எடுத்து ஆறு மணித்தியாலம் படுக்கவிட மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவருக்கு வாசலில் வைத்து ஒரு தேத்தண்ணி. அடுத்த ஹயருக்கு அவர் அப்படியே போவார். விபத்து நடந்தால் மட்டும் 'சாரதியின் கவனயீனம்' என்று பத்திரிகையில் வரும். அந்தக் கவனத்தைப் பேரம் பேசிக் குறைத்த குடும்பத்தின் பெயர் வராது. ஹயர் பேசும்போது இரண்டாயிரம் குறைத்துப்போட்டு வெற்றிச் சிரிப்புச் சிரிக்கிறோமே, அந்த இரண்டாயிரம்தான் அவரின் நித்திரை.

சாமிக்கு எதிரில்லை என்று சொன்னேன். முறிகண்டிப் பிள்ளையாரை எடுங்கோ. A9இல் போகிற எந்த வாகனமும் நிற்கும். இறங்கி, முகம் கழுவி, தேங்காய் அடித்து, கச்சான் வாங்கிக் கொறித்து, கால் நீட்டி நடந்துவிட்டு ஏறுவார்கள். யார் தொடங்கின வழக்கமோ, நீண்ட றோட்டில் சாரதிக்கு இதைவிட நல்ல ஒழுங்கு வேறு இல்லை. நாங்கள் அதை என்ன செய்தோம்? வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, கண்ணாடியை இறக்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறோம். சிநேகிதி வீட்டார் அன்றைக்குப் போகும்போது அப்படித்தான் போயிருக்கிறார்கள். முறிகண்டியில் நிப்பாட்டாததுதான் காரணம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பெரியம்மா முழுக்கப் பிழை இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அவர் பிள்ளையாரின் கோபத்தைச் சொன்னார். இறங்கி ஒருதரம் காரைச் சுற்றி நடந்திருந்தால் பின்ரயர் அமுங்கி நின்றதையாவது ஒருவர் கண்டிருக்கலாம்.

தேசிக்காயும் வையுங்கோ. எப்படியும் குனிய வேண்டும்தானே. குனிந்த நேரம் அந்த நாலு இலக்கத்தையும் வாசியுங்கோ. வெட்டுக்குள் குறுக்காகச் சின்ன மேடுகள் இருக்கும். ரயர் அந்த மேட்டு மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் மிச்சம் 1.6 மில்லிமீற்றர்தான், அதோடு அந்த ரயரின் கதை சரி. பக்கவாட்டில் வெடிப்பு, வீக்கம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கோ. யாராவது "உனக்கேன் தங்கச்சி" என்றால் சிரிக்காதீர்கள். நான் சிரித்தேன்.

சிநேகிதியின் அம்மா இப்போது கையை உயர்த்தித் தலை இழுக்கிறா. கார் திருத்தி வந்துவிட்டது, நாலு ரயரும் புதுசு, இந்த முறை அங்கிள் என்னைக் கூப்பிட்டு இலக்கத்தைக் காட்டினார். போன கிழமை எங்கட வீட்டுப் பழைய கொறோலா 121இன் டிக்கியைத் திறந்து, பாயை இழுத்து, ஸ்பெயார் ரயரைப் பார்த்தேன். காரோடு யப்பானிலிருந்து வந்தது, ஒருநாளும் இறங்கவில்லை, புதுசு போல மினுங்குகிறது. இலக்கம் 4203. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை சொல்லப்போகிறேன்.